இரண்டு என்றால் நில்

அக்டோபர் 6. காலை 6.10. எடை 85.7 கிலோ.

எழுநூறு கிராம் கூடுதல். எண்பத்தைந்துக்கு மேல் ஒரு கிராம் இருந்தாலும் களத்தில் கால் வைக்க விடமாட்டார்கள். கபடி லீக்கின் விதி அது. முதல் ஆட்டம் ஒன்பதாம் தேதி. ரயிலில் தண்ணீரைப் பாட்டில் மூடியில் ஊற்றித்தான் குடித்தேன். ஆனால் மனைவி பேச்சி கட்டிக்கொடுத்த புளியோதரையை இரண்டு வேளையும் தின்றேன். ஆக, காரணம் தெரிந்த எடைதான்.

ஊர் நாக்பூர். இது என் ஆறாவது ஜெர்ஸி. லக்னோ, சூரத், ராஞ்சி, மறுபடி சூரத், கொச்சி, இப்போது இது. இவர்களுடைய இடது கவருக்கு முழங்கால் போய்விட்டது. அவனுக்குப் பதில் நான், நான்கு ஆட்டத்துக்கு மட்டும். ஒழுங்காக ஆடினால் சீசன் முடிய வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் நவம்பர் ஒன்றாம் தேதி சங்கரன்கோவில் பக்கத்துப் பஞ்சாலையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்ததற்கு அதுதான் முறையான வேலை என்று மாமனார் சொல்கிறார். நல்ல வேலைதான். நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம், கபடி லீக் மாதிரி யாரையும் ஏலம் விடாது. எனக்கு எதிர்ப்பு ஒன்றும் இல்லை.

கவர் என்றால் என்ன வேலை என்று கேட்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. பாடி வருகிற ரைடர் டிவியில் தெரிவான். அவன் காலைப் பிடிக்கும் மூலைக்காரன் ரீப்ளேயில் தெரிவான். கால் மாட்டியதும் பாய்ந்துபோய் இடித்து, அவன் கோட்டைத் தொடாமல் வெளியே தள்ளுகிற முதுகு ஒன்று இருக்கும். அந்த முதுகு நான்.

அறைக்கூட்டாளி இடது மூலைக்காரன் செழியன். மன்னார்குடி. முப்பத்துமூன்று வயது, பதினொரு சீசன். நான் உள்ளே போனபோது ஏசியை அணைத்துவிட்டு, ஃபேனை முழு வேகத்தில் வைத்து, போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறான். இதில் என்ன லாஜிக் என்று தெரியவில்லை. எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி: "புளியோதரை வாசம் வருதே, மிச்சம் இருக்கா?"

அக்டோபர் 7. எடை 85.5.

காலையில் பயிற்சி. இங்கே இடது மூலையும் இடது கவரும் கை கோத்துத்தான் நிற்க வேண்டும். கோச் தயானந்தின் ஏற்பாடு. ரைடரின் கால் எங்கே வருகிறது என்று மூலைக்காரனுக்குத்தான் தெரியும். அவன் என் உள்ளங்கையை அழுத்துவான். ஒன்று என்றால் போ. இரண்டு என்றால் நில். கொச்சியில் நேர் எதிர்: ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ. ராஞ்சியில் அழுத்துவதே கிடையாது, சுண்டுவிரலை இழுப்பார்கள். நாடு முழுக்க ஒரே ஸ்டாண்டர்ட் வைத்தால் என்ன? நட்டு போல்ட்டுக்கே வைத்திருக்கிறார்கள்.

டிசைனிலும் கோளாறு இருக்கிறது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் கண் சிமிட்டும் நேரம்தான். முதல் அழுத்து வந்ததும், இரண்டாவது வருகிறதா என்று காத்திருந்து, வரவில்லை என்றால்தான் போக வேண்டும். காத்திருப்பது எனக்கு வராது.

இன்று மூன்று தடவை கொச்சிக் கணக்கில் போய்விட்டேன். செழியன் நில் என்று இரண்டு அழுத்துகிறான், நான் புறப்பட்டுவிடுகிறேன். அவன் கையும் சேர்ந்து வருகிறது, தோள்பட்டை இழுபடுகிறது. கோச் ஹிந்தியில் திட்டினார். எல்லா ஹிந்தியும் புரியவில்லை, திட்டு மட்டும் முழுதாகப் புரிந்தது.

செழியன் திட்டவில்லை. தோளைத் தேய்த்துக்கொண்டு, "ஆளு நாக்பூருக்கு வந்துட்ட. கை இன்னும் கொச்சிலயே ரூம் போட்டுத் தங்கியிருக்குடா. அதுக்கும் ஒரு டிக்கெட் எடுத்து வர வையி" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 8. எடை 85.2.

தண்ணீர் கிடையாது. வியர்த்துக் கொட்ட மழைக்கோட்டு போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் ஓட்டம். எதிரில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்கிறான் செழியன். அவன் எழுபத்தெட்டு கிலோ. கடவுள் பாரபட்சம் பார்க்கிறவர்.

அக்டோபர் 9. எடை 84.9.

முதல் ஆட்டம். வெற்றி. செழியன் இரண்டு பேரின் கணுக்காலைப் பிடித்தான், இரண்டுக்கும் மேலே போய் விழுந்தது நான். ஒரு தடவைகூடக் கொச்சிக் கணக்கு வரவில்லை. இனி வராது. கை வந்து சேர்ந்துவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் பேச்சி கூப்பிட்டாள். சங்கரன்கோவில் அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். டியூட்டி முடிந்து செல்போனில் ஆட்டம் பார்ப்பாள். என் முகத்தை எந்த கேமராவும் காட்டுவதில்லை என்பதால், கணுக்காலில் மஞ்சள் டேப் சுற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள், அடையாளத்துக்கு.

"மஞ்ச டேப்ப மூணு வாட்டி காட்டுனான். ஒரு வாட்டி உங்க முட்டி வரைக்கும் தெரிஞ்சிச்சு."

"அவ்வளவுதானா?"

"முகத்த நா கல்யாண ஆல்பத்துல பாத்துக்கிடுதேன். சாப்ட்டியளா?"

சாப்பிட்டேன் என்றேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டாள். நான்கு சப்பாத்தி என்றேன். இரண்டைக் குறைத்துச் சொன்னது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அக்டோபர் 11. எடை 84.8.

துணி துவைத்தேன். ஷூவுக்கு ஒட்டு போட்டேன்.

செழியன் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "இது டைட்டா இருக்குடா" என்றான். திறந்து கொடுத்தேன். டைட்டாக ஒன்றும் இல்லை.

மதியம் சாம்பார் சாதத்தை ஸ்பூனில் சாப்பிட்டான். மன்னார்குடிக்காரன், சாம்பார் சாதம், ஸ்பூன். கேட்டதற்கு, "மருதாணி வெச்சிருக்கேன், அழிஞ்சிரும்" என்றான். இந்த ஆளிடம் நேரான பதிலே கிடையாது.

அக்டோபர் 13.

பயிற்சி. செழியன் அழுத்தும் அழுத்தம் சமமாக இல்லை. முதல் நாள் ஐந்து விரலும் உட்கார்ந்தன. இப்போது ஆள்காட்டி விரல், நடுவிரல், கட்டைவிரல் மட்டும்தான் வேலை செய்கின்றன. மோதிர விரலும் சுண்டுவிரலும் சும்மா கிடக்கின்றன. முதல் அழுத்து சரியாக வருகிறது. இரண்டாவது பாதியாகத்தான் வருகிறது. பயிற்சியின் கடைசி அரைமணியில் அதுவும் மெலிகிறது.

பஞ்சாலையில் அப்ரன்டிஸாக இருந்தபோது நூல் சுற்றும் ஸ்பிண்டில் ஒன்று இப்படித்தான் இருந்தது. பார்க்க ஓடும், சத்தம் வராது. தொட்டால்தான் பழுது தெரியும்.

கைப்பிடியை மாற்றினேன். விரலோடு விரல் கோக்காமல், அவனுடைய மூன்று விரலும் என் உள்ளங்கை நடுவில் படுகிற மாதிரி. கோச் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டார். வியர்வையில் வழுக்குகிறது என்றேன். செழியன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒரு கிண்டல்கூட வரவில்லை. அதிசயம்.

அக்டோபர் 14. எடை 84.9.

இரண்டாவது ஆட்டம். தோல்வி, ஆனால் எங்கள் பக்கத்தால் இல்லை. வலது பக்கம் ஓட்டை. கைப்பிடி மாற்றம் வேலை செய்கிறது.

அக்டோபர் 15.

செழியனின் ஜெர்ஸி பையில் ஜிப் சிக்கியிருந்தது. இழுத்துவிட்டேன். ஷூ லேஸும் கட்டிவிட்டேன், குனிந்தால் முதுகு வலிக்கிறது என்றான். அறையில் வேறு வேலை எனக்கு என்ன இருக்கிறது?

அக்டோபர் 17. எடை 84.7.

மூன்றாவது ஆட்டம். வெற்றி. அட்டவணையில் அணி இரண்டாவது இடம். ஒரு தடவை செழியன் பிடித்த கணுக்கால் கையிலிருந்து நழுவியது. நான் கொஞ்சம் முன்பே போயிருந்ததால் ரைடர் கோட்டைத் தொடவில்லை. வர்ணனையாளர் செழியனின் அனுபவத்தைப் பற்றி ஒரு நிமிஷம் பேசினாராம், பேச்சி சொன்னாள். இருக்கட்டும். பதினொரு சீசன் ஆடினவனைப் பற்றிப் பேசாமல் யாரைப் பற்றிப் பேசுவது?

அக்டோபர் 18. ஓய்வு நாள்.

காலையில் நேராகக் கேட்டேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு.

"அண்ணே, ரெண்டு விரலுக்கு என்ன?"

"தூங்குது."

"எத்தன நாளா?"

"ஆகஸ்ட்ல கேம்ப்ல ஒருத்தன் மேல வந்து விழுந்தான். தலை இந்தப் பக்கமா மடங்கிருச்சு. கழுத்துல இருந்து கரண்ட் அடிச்ச மாதிரி கை வரைக்கும் வந்துச்சு. அதுக்கப்புறம் இதுங்க ரெண்டும் கொஞ்சங்கொஞ்சமா வேலைக்கி வர்றத நிறுத்திருச்சுங்க. லீவு லெட்டர் கூட குடுக்கல."

டீம் டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னால் அன்றைக்கே பெட்டி கட்டவேண்டியதுதான் என்றார் அண்ணன். பதினொரு சீசனில் அவர் ஆடிய எந்த அணியும் ஃபைனலுக்குப் போனதில்லை. ஒரு தடவை அரையிறுதி வரை போனது, அந்த வருஷம் இவர் பெஞ்ச். இந்த அணி போகும் போலிருக்கிறது.

"ஒரே ஒரு ஃபைனல்டா. ஜெயிக்கக்கூட வேணாம். அந்த லைட்ட அணைச்சுட்டு ஒவ்வொருத்தன் பேரா கூப்புடுவானுவல்ல, அப்ப ஒரு தடவ ஓடி வரணும். அவ்ளதான்."

வெளியே போய்ப் பேச்சியைக் கூப்பிட்டேன். தெரிந்த ஒரு ஆளுக்கு இப்படி இருக்கிறது என்று விவரம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள்.

"கழுத்து எலும்புக்கு நடுவுல நரம்பு நசுங்கியிருக்கும்னு சொல்லுதாக. ஸ்கேன் எடுக்கணும். இன்னொரு வாட்டி அதே மாதிரி விழுந்தா, விரலோட நிக்காதாம். காலும் போயிரலாம்னு சொல்லுதாக."

"சரி."

"என்ன சரி? அந்த ஆளு யாரு? மஞ்ச டேப்புக்குப் பக்கத்துல நிக்குற ஆளுதான?"

போனை வைத்துவிட்டேன். பிறகு மறுபடி கூப்பிட்டு, ஆமாம் என்றேன்.

"அப்ப நீங்க எதுக்கு எங்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்கிய? போய் அவர்ட்ட பேசுங்க."

பேச்சி சொன்னதை அவரிடம் அப்படியே சொன்னேன். நாலாவது ஆட்டம் இருபத்தொன்றாம் தேதி. அது முடிந்த மறுநாள் காலை அவரே டாக்டரிடம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்வேன். "மெரட்டுறியா?" என்றார். ஆமாம் என்றேன். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சரி என்றார்.

இன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பழுது தெரிந்த மெஷினை ஷிப்ட் முடிகிற வரை ஓட்டுகிறவனை நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்.

அக்டோபர் 20.

மதியம் அண்ணனுக்குச் சாதம் பிசைந்து கொடுத்தேன். "ஊட்டியும் விடுவியாடா?" என்றார். வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள் என்றேன். வாயை மூடிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்றார்.

அக்டோபர் 21. டிரஸ்ஸிங் ரூம்.

ஒன்று. காத்திருந்தேன். இரண்டாவது வரவில்லை. போனேன்.

அதே நாள், ஹோட்டல்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

கடைசி ரைடு. ஸ்கோர் 32-32. எதிரணிக்கு அது டூ ஆர் டை, அதாவது ரைடர் புள்ளி எடுக்காமல் திரும்பினால் அவனே அவுட், புள்ளி எங்களுக்கு. நாங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தள்ளி நின்றால் போதும், வெற்றி. செழியன் அண்ணன் நில் என்று இரண்டு அழுத்தினார். எனக்குத் தலைக்குள் கொச்சிக் கணக்கு வந்துவிட்டது. இரண்டு என்றால் போ என்று பாய்ந்துவிட்டேன். ரைடர் என் தோளைத் தொட்டுவிட்டு, உருவிக்கொண்டு ஓடிவிட்டான். 33-32.

கோச் அறைக்கு வந்து, "யார் தப்பு?" என்று கேட்டார். செழியன் அண்ணன் வாயைத் திறந்தார். நான் அதற்குள் சொல்லிவிட்டேன். பழைய அணியின் சிக்னல், என் தப்பு.

யாரும் சந்தேகப்படவில்லை. முதல் நாள் பயிற்சியில் மூன்று தடவை அதைத்தானே செய்தேன். "ஆறு ஜெர்ஸி மாற்றினவனின் வியாதி" என்றார் கோச், பெரிய கோபம்கூட இல்லை. ஒரு மணி நேரத்தில் மேனேஜர் வந்து கைகொடுத்தார். ஒப்பந்தம் நான்கு ஆட்டத்தோடு முடிகிறது. நன்றி. ஜெர்ஸியை வைத்துக்கொள்ளலாம்.

தப்பு என்னுடையது. பழைய சிக்னல். இத்தோடு முடிந்தது.

அக்டோபர் 22.

எடை போடவில்லை. இட்லி ஆறு.

பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் சரியில்லை.

"உனக்கு எத்தன வந்துச்சு?"

"ரெண்டு."

"நெசமா?"

"ரெண்டுண்ணே. கொச்சில ரெண்டுன்னா..."

"கொச்சிய விடு. ரெண்டாவது நான் அழுத்தப் பாத்தேன். விரலு போகல. எனக்குத் தெரியும், என் கைடா இது. போகாதது உனக்கு எப்புடி வந்துச்சு?"

நான் சட்டையை மடித்தேன். அதே சட்டையை மறுபடி மடித்தேன்.

"என் தப்ப எடுத்துக்க உனக்கு எவன்டா அதிகாரம் குடுத்தான்? பதினோரு வருசத்துல நான் விட்ட பாயின்ட் எல்லாம் என் பேருலதான் கெடக்கு. ஒண்ணுகூட அடுத்தவன் கணக்குல இல்ல. நேத்து வந்த பய, அதயும் கெடுத்துட்ட."

"நீங்க ஃபைனல் ஆடணும்னு..."

"விழுந்தா காலும் போயிரும்னு உன் பொண்டாட்டி சொல்லிச்சின்னு நீதானடா சொன்ன. காலு இல்லாம எதுல ஓடி வர்றது, லைட்ட அணைச்சதும்?"

டாக்டரிடம் இன்று சொல்கிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டதை நினைவுபடுத்தினேன். "நீயும் பெரிய ஒழுங்குதான்" என்றார். எழுந்தார். பட்டன் போடாத சட்டையோடு வாசல் வரை போய், திரும்பி வந்து நின்றார். போட்டுவிட்டேன். போனார்.

திரும்பி வரும்போது கழுத்தில் வெள்ளைப் பட்டை. டாக்டர் மாட்டிவிட்டாராம். அண்ணன் கோச்சிடமும் சொல்லிவிட்டாராம்: அழுத்து ஒன்று மட்டும்தான் போனது, கவர் பாய்ந்தது சரி, அழுத்தியவன் கைதான் தப்பு என்று. இன்றோடு அவருக்கும் ஆட்டம் இல்லை.

"எப்புடி இருக்கு?" என்று பட்டையைக் காட்டிக் கேட்டார்.

"ஒட்டகத்துக்குக் கட்டு போட்ட மாதிரி இருக்கு."

இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். கழுத்து வலித்தது போல. நிறுத்திக்கொண்டார்.

அக்டோபர் 23.

காலையில் கோச் தயானந்த் என்னைக் கூப்பிட்டார். நிற்க வைத்தே பேசினார். கவர், மூலை இரண்டு இடத்துக்கும் சின்னப் பையன்களைப் போட்டாயிற்று, அதில் மாற்றம் இல்லை என்றார். சரி என்றேன்.

"ஒரு கவர் என்னிடம் பொய் சொன்னால் நான் எப்படி அணி நடத்துவது? அடிபட்டவனை வியர்வை என்று சொல்லி மறைத்திருக்கிறாய். அவன் களத்திலேயே கிடந்திருந்தால்?"

அவர் சொன்னது சரி.

கதவு வரை போய்விட்டேன். பின்னாலிருந்து, "அந்தக் கைப்பிடி, மூன்று விரல் பிடி, நீ யோசித்ததா?" என்றார். ஆமாம் என்றேன். "ம்" என்றார். பேப்பரைப் புரட்டினார். "ஏப்ரலில் ஏலம். வருகிற கவர்கள் எல்லாம் தொண்ணூறு கிலோவில் வந்து நிற்கிறார்கள். ஒருவனாவது எண்பத்துநான்கரையில் வந்தால் நன்றாக இருக்கும்."

என்னையா சொல்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்.

பேச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் கேட்டேன், ஆட்டத்தைப் பார்த்தபோது உனக்கும் கொச்சிக் கணக்கு என்றுதானே தோன்றியது என்று.

"எனக்கு எப்படித் தோணும்? வீட்டுல சாவி மாட்டுற ஆணிய நா இடம் மாத்துன மறுநாளே நீங்க புது ஆணிக்குத்தான போனிய. ரெண்டு வாரம் கழிச்சு பழசுக்குப் போற ஆளா நீங்க? பழைய சிக்னல்னு கோச் பேட்டியில சொன்ன ஒடனே சொன்னேன், எங்கிட்டோ பொய் இருக்குன்னு."

"யாருகிட்ட சொன்ன?"

"எங்க அம்மாகிட்ட. அவுக நீங்க அவுட்டாயிட்டியன்னு அழுதுகிட்டு இருந்தாக. நா பெருமையில அழுதேன். ரெண்டு பேரும் சேந்தே அழுதோம்."

அவளே மதுரைப் பெரியாஸ்பத்திரியில் தெரிந்தவர் மூலம் விசாரித்து வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை காலை நரம்பியல் பிரிவுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் வீட்டில் அவருடைய அக்கா மட்டும்தான். அக்கா மதுரைக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். அதுவரை கூட இருப்பது நான்.

அக்டோபர் 24. மதுரை வண்டி.

அண்ணனுக்குக் கீழ் பெர்த். எனக்கு நடு பெர்த்தில் கால் நீட்ட முடியவில்லை. எதிரில் ஒரு குடும்பம். கழுத்துப் பட்டையைப் பார்த்துவிட்டு, ஆக்சிடென்டா என்று அந்த அம்மாள் விசாரித்தார்.

"இல்லம்மா, கபடி" என்றார் அண்ணன். "நான் டிவியிலல்லாம் வந்திருக்கேன்."

"இவரு?"

"இவன் வரமாட்டான். இவன் காலு மட்டும் வரும்."

அந்த அம்மாள் என் காலைப் பார்த்தார். மஞ்சள் டேப் இன்னும் அவிழ்க்கவில்லை.

மதியம் தயிர்ச்சாதம் வாங்கினேன். பிசைந்து நீட்டினேன். எதிர்க் குடும்பத்துக் குழந்தை, ஏன் அந்த மாமா தானாகப் பிசையவில்லை என்று கேட்டது. "சம்பளத்துக்கு ஆளு வெச்சிருக்கேன்" என்றார். அதற்குப் பிறகு சாப்பிட்டு முடிக்கும் வரை என் பக்கம் பார்க்கவில்லை. கண் கலங்கியிருந்தது போல. ஜன்னல் காற்றாகவும் இருக்கலாம்.

ஒரு ஸ்டேஷன் தாண்டியதும், "அழுத்துங்க" என்று கையை நீட்டினேன். சோதனைக்காக. டாக்டரிடம் சொல்ல விவரம் வேண்டும். அண்ணன் மூன்று விரலை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். ஒன்று. நல்ல பிடி. இரண்டாவதுக்காகக் காத்திருந்தேன். நெற்றி சுருங்கி, உதட்டைக் கடித்து, முயற்சி பண்ணுவது தெரிந்தது. வரவில்லை. கையை எடுக்கப் போனார். இருக்கட்டும் என்றேன். அப்படியே கொஞ்ச தூரம் போனோம். எதிரில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. வேலை செய்கிற இடத்தில் தினமும் பிடித்த கைதானே.

அவர் தூங்கிவிட்டார். ரயில் ஃபேன் முழு வேகம், மேலே போர்வை. லாஜிக் இன்னும் புரியவில்லை.

இனி செய்ய வேண்டியவை:

1. மதுரையில் இறங்கியதும், ஸ்டேஷனுக்கு வரும் பேச்சியைப் பார்ப்பது. எது நடந்தாலும் புளியோதரை ஒரு வேளைதான்.

2. திங்கள் காலை அண்ணனை நரம்பியல் பிரிவுக்குக் கூட்டிப்போவது. டாக்டர் கேட்டால் மருதாணி, லீவு லெட்டர் என்று அவர் ஏதாவது சொல்வார். குறுக்கே புகுந்து விவரத்தை நான் சொல்வது.

3. பஞ்சாலை மேனேஜருக்குப் போன் பண்ணி, ஒன்றாம் தேதி வர முடியாது, ஆஸ்பத்திரி வேலை முடிந்து வருகிறேன் என்று சொல்வது. ஏப்ரலில் ஒரு வாரம் லீவு வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவது.

4. எடை 84.5.

5. நாக்பூர் ஃபைனலுக்குப் போனால் எல்லாரும் சேர்ந்து வீட்டில் டிவியில் பார்ப்பது. பேர் கூப்பிடும்போது லைட்டை அணைத்துவிடுவது. அண்ணன் ஓடக்கூடாது, நடந்து வரலாம்.

6. தினமும் காலையில் கையை நீட்டி அழுத்தச் சொல்வது. ஒன்று வந்ததும் எடுத்துவிடாமல், இரண்டாவது வரும்வரை காத்திருப்பது.